மூன்று லட்சத்துக்குக் கையெழுத்து கேட்கிறார் கொழுந்தன்

கேள்வி: எனக்கு 34 வயது. லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் போன வருஷம் மாரடைப்பில் காலமானார். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. தஞ்சாவூர் மாவட்டத்தில், மாமனார் 1996-ல் தன் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டிய வீட்டில்தான் கல்யாணமானதிலிருந்து இருக்கிறேன். மாமனார் உயில் எழுதாமல் 2017-ல் இறந்துவிட்டார். வீட்டில் மாமியார், கொழுந்தன், அவர் மனைவி இருக்கிறார்கள். நாத்தனாரைத் திருச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கணவரின் வருஷத் திதி முடிந்த மறுவாரமே என் அடுப்பைக் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டு, சமையலறையைப் பூட்டிவிட்டார் கொழுந்தன். மாமியார் மட்டும் என் மகனை வாசல் பக்கம் கூப்பிட்டு இட்லி ஊட்டுகிறார். என் 28 பவுன் நகை அவர் பீரோவில் இருக்கிறது. கேட்டால் "பேத்தி கல்யாணத்துக்குத் தருவேன்" என்கிறார். இப்போது கொழுந்தன், "மூன்று லட்சம் தருகிறோம், பிள்ளைகளுக்கும் சேர்த்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போங்கள். நாளைக்கு வேறு கல்யாணம் செய்துகொண்டால் இதுவும் கிடையாது" என்கிறார். வீடு அறுபது லட்சம் போகும். எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதில்: விடுதலைப் பத்திரம் என்பது உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித்தருவது. அதில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டை விட்டும் இறங்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு. வீடு மாமனாரின் சுய சம்பாத்தியம், உயில் இல்லை. எனவே 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் கண் மூடிய அன்றே வீடு நான்கு பேருக்குச் சம பங்காகப் போய்விட்டது: மாமியார், உங்கள் கணவர், கொழுந்தன், நாத்தனார். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வீட்டு வரி யார் கட்டுகிறார் என்பதெல்லாம் இதை மாற்றாது. அப்புறம் உங்கள் கணவர் இறந்தபோது அவருடைய கால் பங்கு மறுபடி நான்காகப் பிரிந்தது: நீங்கள், மகள், மகன், அவருடைய தாயார். ஆம், இறந்த மகனின் சொத்தில் தாய்க்கும் மனைவிக்குச் சமமான பங்கு உண்டு. பல மருமகள்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், சட்டம் அப்படித்தான். (உங்கள் கணவர் தன் தந்தைக்கு முன்பே இறந்திருந்தால் அந்தக் கால் பங்கு முழுவதும் உங்கள் மூவருக்கே வந்திருக்கும்.)

வீட்டைப் பதினாறு பங்காக வைத்துக்கொண்டால் மாமியாருக்கு ஐந்து, கொழுந்தனுக்கு நான்கு, நாத்தனாருக்கு நான்கு, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்றாக மூன்று. அறுபது லட்சத்தில் மூன்று பங்கு 11 லட்சத்து 25 ஆயிரம். உங்கள் ஒருவர் பங்கே 3 லட்சத்து 75 ஆயிரம். அவர் தருவதாகச் சொல்லும் தொகை உங்கள் தனிப் பங்குக்கே காணாது. குழந்தைகள் பங்கை இனாமாகக் கேட்கிறார்.

அதைக் கொடுக்க உங்களாலும் முடியாது. தாய் என்ற முறையில் நீங்கள் இயற்கைக் காப்பாளர்தான். ஆனால் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் பிரிவு 8-ன்படி, மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ கூடாது. அனுமதி இல்லாமல் எழுதினால், பிள்ளைகள் 18 வயதானபின் மூன்று ஆண்டுக்குள் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இதைக் கொழுந்தனிடமே சொல்லுங்கள். நாளைக்கு வீட்டை வாங்குபவரோ அடமானம் வாங்கும் வங்கியோ இந்த ஓட்டையைத்தான் முதலில் பார்க்கும் என்று தெரிந்தால் அவருடைய அவசரம் கொஞ்சம் தணியும். உங்கள் கையெழுத்துக்கோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. சார்பதிவாளர் முன் போட்டுவிட்டால், ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்க சிவில் கோர்ட்டுக்குத்தான் நடக்க வேண்டும்.

மறுமணம் பற்றிய மிரட்டல் வெறும் மிரட்டல். கணவர் இறந்த நொடியில் உங்கள் பங்கு உங்களுக்குச் சேர்ந்துவிட்டது, அதுவும் முழு உரிமையாக. பிறகு நீங்கள் கல்யாணம் செய்துகொண்டாலும் அது திரும்பிப் போகாது.

அடுத்து, பூட்டிய சமையலறை. அடித்தால்தான் குடும்ப வன்முறை என்று நினைத்து நிறையப் பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீட்டின் வசதிகளைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் பொருளாதாரக் கொடுமை என்றே சொல்கிறது. நீங்கள் பங்குக்காரர் மட்டுமல்ல, அந்த வீட்டில் குடும்பமாக வாழ்ந்தவர். பிரிவு 17-ன்படி உங்களைச் சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்ற முடியாது. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீடானாலும் மருமகள் வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் சொன்னது. கணவனை இழந்த பெண்ணுக்கும் இது உண்டு என்று 2022-ல் பிரபா தியாகி வழக்கில் தெளிவாக்கியது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு கொடுத்து, சமையலறையைத் திறந்துவிடவும் உங்களுக்கு இடைஞ்சல் செய்யாமலிருக்கவும் உத்தரவு கேட்கலாம். அதே மனுவில் நகையையும் கேட்கலாம். கொழுந்தனை வீட்டை விட்டு விலகி இருக்கச் சொல்லக்கூட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பெண்களை அப்படி வெளியேற்றச் சொல்ல முடியாது, அதனால் மாமியாரைப் பற்றி அப்படிக் கேட்காதீர்கள்.

நகை உங்கள் ஸ்ரீதனம். பிறந்த வீட்டில் போட்டதும் சரி, கல்யாணத்தில் அவர்கள் உங்களுக்குப் போட்டதும் சரி, அது உங்களுக்கே சொந்தம். மாமியார் பீரோவில் இருப்பதால் அது பொதுச் சொத்தாகிவிடாது என்பது 1985-ல் பிரதிபா ராணி வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். நகைக்கடை பில், கல்யாண ஆல்பம், சீர் எழுதிய நோட்டு, எப்போதாவது அடகு வைத்திருந்தால் அந்த ரசீது, இவற்றை இப்போதே போனில் படமெடுத்து உங்கள் அம்மாவுக்கு அனுப்பிவையுங்கள். ஆல்பத்தில் கழுத்தும் கையும் தெளிவாகத் தெரியும் படங்கள் முக்கியம். மேடையில் கூட்டமாக நிற்கும் படம் உதவாது.

ஆனாலும் எடுத்த எடுப்பில் மாமியார் மேல் போலீஸில் புகார் கொடுப்பதை நான் விரும்ப மாட்டேன். பேரனைக் கூப்பிட்டு ஊட்டுகிற அந்த அம்மாள் கையில்தான் பதினாறில் ஐந்து பங்கு இருக்கிறது. அவர் தன் பங்கை நாளைக்கே கொழுந்தனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதலாம், உங்கள் பிள்ளைகளுக்கும் எழுதலாம். கோர்ட்டில் முகத்துக்கு முகம் நின்றபின் எந்தப் பக்கம் எழுதுவார் என்று நீங்களே யோசியுங்கள். நகைக்கு முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும். நாத்தனாரிடமும் பேசுங்கள். அவரும் நான்கு பங்குக்காரர், அவர் கையெழுத்தும் இல்லாமல் கொழுந்தனால் முழு வீட்டையும் விற்க முடியாது.

தாசில்தார் அலுவலகத்தில் மாமனாருக்கும் கணவருக்கும் தனித்தனியாக வாரிசு சான்றிதழ் வாங்குங்கள். 1996 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வந்துவிடும். மூலப் பத்திரத்தின் நகலும் வேண்டும். மனை உண்மையில் பாட்டன் சொத்திலிருந்து வந்தது என்று அதில் இருந்தால் மேலே போட்ட பங்குக் கணக்கு மாறிவிடும்.

இவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பாகப்பிரிவினை வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு எல்லோரையும் கூப்பிடச் சொல்லலாம். அங்கே கொழுந்தன் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வதாக முடிந்தால், பேச்சு 11 லட்சத்து 25 ஆயிரத்திலிருந்து தொடங்கட்டும். பிள்ளைகள் பங்குக்கு மாவட்ட நீதிமன்ற அனுமதி வாங்கி, அந்தப் பணத்தை அவர்கள் பெயரிலேயே வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். அதுவரை கொட்டகையில் சமைக்க நேர்ந்தாலும் படுக்கை வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.