டிடெக்டர் வாங்கப் போகிறீர்களா?

வாசகர் கேள்வி – வைண்டிங் கடைக்காரர் பதில்

சேலம் லீ பஜார் பக்கம் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் நம் பதிலாளர், மெட்டல் டிடெக்டர்களைப் பழுது பார்ப்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் அனுபவம் உள்ளவர். அந்தக் கருவி பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும்போது என் கழுத்துச் சங்கிலி அறுந்து விழுந்துவிட்டது. மெல்லிய சங்கிலிதான், ஒரு பிள்ளையார் டாலர் கோத்திருந்தது. டிடெக்டர் வாங்கித் தேடினால் கிடைக்குமா? எந்த அளவு காயில் வாங்க வேண்டும்?
– வாசகி, ஏற்காடு

பதில்: கிடைக்க வாய்ப்பு இருக்கிறது அம்மா. ஆனால் கருவியின் காதில் விழப்போவது உங்கள் டாலர்தான், சங்கிலி அநேகமாக விழாது. காரணம் சொல்கிறேன். கருவியின் அடியில் இருக்கிற வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுற்று இருக்கும், அதுதான் காயில். அது மண்ணுக்குள் ஒரு மாறுகிற காந்தப்புலத்தை அனுப்புகிறது. அது படுகிற உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்புகிறது. அந்த ஓட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்ப, காயிலுக்குள் இருக்கும் இன்னொரு சுற்று அதைப் பிடித்துக்கொள்கிறது. மோதிரம், காசு, டாலர் என்றால் மின்னோட்டம் சுற்றிவர இடம் இருக்கும். சங்கிலியிலோ ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிப் பொடி வளையம். ஓட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒழுங்காகத் தாண்டாது. அரைப் பவுன் மோதிரத்துக்குக் கத்துகிற கருவி இரண்டு பவுன் சங்கிலியைக் கவனிக்காமல் கடந்துபோவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

காயில் சிறியதாக இருக்கட்டும். ஐந்து, ஆறு அங்குலம் போதும். விழுந்து சில நாள்தானே ஆகிறது; சருகுக்கு அடியில்தான் கிடக்கும், ஆழம் எதற்கு? காபிச் செடியின் கிளைகள் தாழ்ந்து படர்ந்திருப்பதால் 11 அங்குலக் காயிலைத் தூர் வரைக்கும் கொண்டுபோகவே முடியாது. அதிர்வெண் 15 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையாத கருவியாகக் கேளுங்கள். ஐந்து, ஏழு என்று தாழ்வாக ஓடுகிறவை பெரிய வெள்ளிக்கும் செம்புக்கும் நல்லவை. சின்னத் தங்கத்துக்குக் கொஞ்சம் மந்தம்.

கருவியில் குப்பையை ஒதுக்கும் வசதி இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். சின்னத் தங்கத்துக்குக் கருவியின் திரையில் வருகிற எண்ணும் மாத்திரை அட்டை, பாக்குப் பொட்டலத்தின் வெள்ளித்தாள் ஆகியவற்றுக்கு வருகிற எண்ணும் ஏறக்குறைய ஒன்றே. குப்பையை ஒதுக்கினால் பிள்ளையாரும் சேர்ந்து போய்விடுவார். தோட்டத்தில் கிடக்கும் மாத்திரை அட்டைகளையெல்லாம் பொறுக்கத்தான் வேண்டியிருக்கும். பரவாயில்லை, தோட்டம் சுத்தமாகும்.

சேர்வராயன் மலையில் பாக்சைட் இருக்கிறதே, அங்கே கருவி எல்லா இடத்திலும் கத்தாதா என்று சிலர் கேட்பதுண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து பாக்சைட் வெட்டிப் போனது உண்மைதான். ஆனால் பாக்சைட் அலுமினியம் அல்ல, அதன் ஆக்சைடு, மின்சாரத்தைக் கடத்தாது. தொல்லை கொடுப்பது அந்தச் செம்மண்ணில் கலந்திருக்கிற இரும்பு ஆக்சைடு. அதற்குத்தான் தரைச் சமன் செய்ய வேண்டும், அதாவது மண்ணுக்குக் கத்தாதபடி கருவியைப் பழக்க வேண்டும். உலோகம் இல்லாத ஓர் இடத்தில் காயிலை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கித் தரைக்கு ஓர் அங்குலம் வரை இறக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒலி மாறாத நிலை வரும்வரை குமிழைத் திருகுங்கள். புதிய கருவிகளில் பித்தானை அழுத்திக்கொண்டு தூக்கி இறக்கினால் தானே சரிசெய்துகொள்ளும்.

பிறகு செடி வரிசைகளுக்கிடையே கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகத் தேடுங்கள். காயில் சருகை உரசுகிற உயரத்திலேயே போக வேண்டும். வீச்சின் இரு முனையிலும் மேலே தூக்கினால் அந்த இடத்தைத் தேடியதாகவே கணக்கில்லை. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மறுபடி தொட வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னொன்று: கொலுசு, மெட்டி, வளையல் எல்லாவற்றுக்கும் கருவி கத்தும். மெட்டியைக் கழற்ற மனம் வராவிட்டால், ரப்பர் செருப்பு போட்ட பிள்ளைகள் யாரிடமாவது கருவியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு சங்கிலிக்காகப் புதுக் கருவி வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: எங்கள் காட்டில் மண்ணுக்குள் மூடிப்போன இரும்பு கேட் வால்வைத் தேட ஒரு டிடெக்டர் வாங்கினேன். எங்கே வைத்தாலும் சத்தம். கருவி கெட்டதா, நான் ஏமாந்தேனா?
– விவசாயி, கஞ்சமலை அடிவாரம்

பதில்: இரண்டும் இல்லை ஐயா. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. கஞ்சமலையே மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது கலந்த பாறை. 19ஆம் நூற்றாண்டில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியபோது அதற்குச் சேலம் பகுதித் தாதுதான் போனது. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழை ஓடிய வாய்க்கால் மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்புப் பொடியால் தாடி முளைக்கும். கருவி அந்தத் தாடியைத்தான் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் மேலே சொன்ன தரைச் சமன். அடுத்து உணர்திறனைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். அதிகம் வைத்தால் அதிகம் கிடைக்கும் என்று எல்லாரும் கடைசிவரை திருகி வைக்கிறார்கள். இந்த மண்ணில் அது சத்தத்தைத்தான் பெருக்கும். உங்கள் வால்வோ நல்ல கனத்த இரும்பு. அதற்கு ஒரு வழி இருக்கிறது: காயிலைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்திப் பிடித்தபடி நடந்து பாருங்கள். மண்ணின் கூச்சல் சட்டென்று அடங்கும்; பெரிய இரும்பின் குரல் அந்த உயரத்திலும் கேட்கும். ஆணி, கம்பித் துண்டெல்லாம் இதில் தாமாகவே கழிந்துபோகும். இரும்பை ஒதுக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடையிலிருந்து வரும்போதே பல கருவிகளில் அது வேலை செய்துகொண்டிருக்கும். நீங்கள் தேடுவதே இரும்பு!

பல்ஸ் கருவி வாங்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, சில மைக்ரோ விநாடி கழித்துத்தான் காது கொடுக்கும். மேக்னடைட்டின் பதில் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும், உலோகத்தின் சுழல் மின்னோட்டம் மட்டும் நீடிக்கும். உங்கள் மண்ணுக்கு நல்ல கருவிதான். ஆனால் ஆணிக்கும் காசுக்கும் அதற்கு வித்தியாசம் சரியாகத் தெரியாது. ஒரே ஒரு வால்வுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பேன்.

கேள்வி: என் கருவியில் 9 அங்குலக் காயில். 15 அங்குலம் போட்டால் ஆழம் இரண்டு மடங்காகுமா? டபுள் டி காயில் நல்லதா, கான்சென்ட்ரிக் நல்லதா? காயிலை நீங்களே கட்டித் தருவீர்களா?
– கல்லூரி மாணவர், சூரமங்கலம்

பதில்: மூன்று கேள்வி, ஒரு தபால் செலவு. கெட்டிக்காரத் தம்பி.

ஆகாது. காயிலிலிருந்து விலக விலக அதன் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. உலோகத்திலிருந்து திரும்பி வருகிற புலமும் அதேபோல் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. போக ஒரு தேய்மானம், வர ஒரு தேய்மானம். இரண்டையும் பெருக்கினால் ஆறாம் அடுக்கு. தூரம் இரட்டித்தால் குறிப்பொலி 64இல் ஒரு பங்காகிவிடும். காயிலுக்கு மிக அருகில் இந்தக் கணக்கு இவ்வளவு கொடுமையாக இல்லை. ஆழம் போகப் போக இதுதான் நிலை. பெரிய காயில் போட்டால் குடம், அண்டா அளவுள்ள பொருளுக்கு ஆழம் கூடும். காசுக்கு ஓரிரு அங்குலம் கூடலாம். கம்மல் அளவுப் பொருளுக்குக் குறையவும் செய்யும். அதோடு பெரிய காயில் ஒரே நேரத்தில் நிறைய மண்ணைப் பார்க்கிறது, நிறையக் குப்பையையும் பார்க்கிறது. இரண்டு ஆணிக்கு நடுவே கிடக்கும் காசு ஆணிகளோடு கலந்துபோகும். கை வலி தனி.

கான்சென்ட்ரிக் காயிலின் பார்வை கீழே போகப் போகக் குவியும். பொருள் நடுவில் இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் இரும்பு மண்ணில் தடுமாறும். டபுள் டி காயிலில் இரண்டு சுற்றுகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அந்தப் படிந்த பட்டைதான் பார்க்கும் கண். நுனியிலிருந்து குதிகால் வரை ஒரு கோடாகத் தேடும். மண்ணை அவ்வளவாகச் சட்டை செய்யாது. சேலம் மாவட்டத்துக்கு டபுள் டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இடத்தைக் குறிக்க, ஒருமுறை குறுக்காகவும் ஒருமுறை நெடுக்காகவும் வீசி இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தைத் தோண்டு.

கட்டித் தருவது பற்றி: டபுள் டி கட்ட மாட்டேன். இரண்டு சுற்றும் ஒன்றையொன்று கேட்காதபடி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலேறியிருக்க வேண்டும். மயிரிழை நகர்ந்தாலும் சமன் போய்விடும். அதனால்தான் ஆலையில் எபாக்ஸி ஊற்றி இறுக்குகிறார்கள். ஒரு மாடலின் காயில் இன்னொரு மாடலுக்குப் பெரும்பாலும் சேராது, பிளக் பொருந்தினாலும் சரி. பல்ஸ் கருவிக்கு ஒரே சுற்றுக் காயில் என்றால் நீயே கட்டலாம். சுமார் 10 அங்குல விட்டத்தில் இருபதுக்குச் சற்று மேல் சுற்றுகள் வந்தால் காயிலின் தூண்டல் அளவு (இண்டக்டன்ஸ்) 300 மைக்ரோஹென்றிக்கு அருகில் நிற்கும். பொழுதுபோக்குச் சர்க்யூட்டுகள் பலவும் கேட்பது அதைத்தான். அதை அளக்கிற எல்.சி.ஆர். மீட்டரை எடுத்துக்கொண்டு கடைக்கு வா, கம்பி நான் தருகிறேன்.

கேள்வி: ஒரு நண்பர் வெளிநாட்டுக் கருவி என்று ஒன்றைக் காட்டினார். கைப்பிடி, அதன்மேல் திரும்பும் ஆன்டெனா. அரைக் கிலோமீட்டர் தொலைவில் புதைந்திருக்கும் தங்கத்தின் பக்கம் திரும்புமாம். விலை 3 லட்சம். நால்வர் பங்கு போட்டு வாங்கி, மலைப் பக்கம் ஒரு இடத்தில் தேடலாம் என்று இருக்கிறோம்.
– பெயர் வெளியிட வேண்டாம், ஓமலூர் வட்டம்

பதில்: பெயரை வெளியிடவில்லை. நீங்களும் பணத்தை வெளியே விடாதீர்கள்.

ஆறாம் அடுக்குக் கணக்கை மேலே அந்த மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன், படியுங்கள். காசு அளவுத் தங்கத்தை ஓர் அடி ஆழத்தில் கேட்கவே நல்ல கருவிகள் திணறுகின்றன. அரைக் கிலோமீட்டராம்! ஏடிஈ 651 என்று இதே போன்ற ஆன்டெனாக் கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக் அரசுக்கு விற்றார் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர். சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை உள்ளே விட்டார்கள். கோல்ஃப் பந்து தேடித் தரும் என்று விற்ற விளையாட்டுச் சாமான்தான் அதற்கு மூலம். 2013இல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது.

சோதிக்க வேண்டுமென்றால் எளிது. நான்கு பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்து, நண்பரை வெளியே அனுப்பிவிட்டு ஒன்றின் அடியில் மோதிரத்தை வையுங்கள். எதில் வைத்தது என்று தெரிந்தவரும் அங்கே நிற்கக் கூடாது. திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இன்றைக்கு மழை மேகம், இங்கே செல்போன் டவர், உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று காரணங்கள் வரத் தொடங்கும். அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களும் இதே காரணங்களைத்தான் சொல்வார்கள்.

உண்மையாகவே ஏதாவது கிடைத்துவிட்டால்? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ. காப்புக்காட்டில் தோண்டினால் வனத்துறை வழக்கு அதற்கு மேல். பாழடைந்த கோயில் பக்கம் கடப்பாரையோடு போகிறவர்களுக்கு நான் கருவி வாடகைக்குக் கொடுப்பதில்லை. ஆளைப் பார்த்தாலே தெரியும்.

கேள்வி: போர்வெல் போட இடம் பார்க்க மெட்டல் டிடெக்டர் உதவுமா?
– வாசகர், மேச்சேரி

பதில்: உதவாது.

கேள்வி: சில்வர் ஓக் மரங்களில் அடித்த ஆணிகள் உள்ளேயே மூடிப்போய், ரம்பப் பட்டையை உடைக்கின்றன. பெரிய டிடெக்டர் தேவையா?
– மர அறுவை மில் நடத்துபவர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: காவலர்கள் வைத்திருப்பது போன்ற கைக்கருவி போதும். ஆணி மேற்பட்டையிலிருந்து சில அங்குலத்துக்குள்தானே இருக்கும். மிளகுக் கொடி ஏற்றிய மரம், வேலிக்கம்பி கட்டிய மரம் இரண்டையும் கட்டாயம் பாருங்கள். ஆனால் மரத்தை டிராலித் தண்டவாளத்தின் மேல் வைத்துச் சோதித்தால் கருவி தண்டவாளத்துக்குக் கத்தும். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இப்படி ஒரு கருவி செய்துகொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. நோயாளி படுத்திருந்த மெத்தையிலேயே எஃகுக் கம்பிச் சுருள்கள். நீங்கள் மரத்தைக் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்து, சுற்றிலும் புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மாடு கம்பியை விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம். டிடெக்டரை வயிற்றில் வைத்துப் பார்க்கலாமா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: வைக்கலாம், கால்நடை மருத்துவர்களே அப்படிப் பார்ப்பதுண்டு. கம்பி போய்த் தங்குவது இரண்டாம் இரைப்பையில். அது நெஞ்சுக்குப் பின்னால், இடது முன்னங்காலின் மேல் மூட்டுக்கு (முழங்கைக்கு) அருகே இருக்கிறது. கழுத்து மணி, சங்கிலி, பக்கத்து இரும்புத் தொட்டி எல்லாவற்றையும் விலக்கிவிட்டு அங்கே வையுங்கள். ஆனால் சத்தம் வந்தால் உள்ளே உலோகம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். நல்ல ஆரோக்கியமான மாடுகளின் வயிற்றிலும் ஆணி, கம்பி கிடப்பதுண்டு. குத்தியிருக்கிறதா என்பதைக் கருவி சொல்லாது. சிலவற்றுக்கு மருத்துவர் ஒரு காந்தத்தை விழுங்க வைத்து, இரும்பை அதோடு ஒட்டிக் கிடக்கவிடுவார். மாடு தீனி எடுக்காமல், முதுகை வளைத்துக்கொண்டு, நடக்கத் தயங்கி நின்றால் கருவிக்காகக் காத்திருக்காதீர்கள். மருத்துவரை அன்றைக்கே அழைத்துவிடுங்கள்.