பர்கர் கடையில் ஹாட் டாக் – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் பக்கத்து ரெட்ரோ பர்கர் கடையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நியான் போர்டு, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, சிவப்பு ஸ்டூல், காசு போட்டால் பாடும் பெட்டி என்று அந்தக் கடை என் மகளுக்கு ரொம்பப் பிடித்த இடம். நீங்கள் அதையெல்லாம் இரண்டு வரியில் தாண்டிவிட்டீர்கள். பர்கரை ‘பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, மீதிக் கட்டுரை முழுக்க ஹாட் டாக்கையே பிடித்துக்கொண்டீர்கள். பர்கர் அவர்கள் கையால் செய்வது. ஹாட் டாக்கில் இருக்கும் சாசேஜ் (அரைத்த இறைச்சியை உறையில் நீளமாக அடைத்தது) பாக்கெட்டில் வருவது, சூடு பண்ணி பன்னில் வைத்தால் முடிந்தது. அதை விமர்சிக்க என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு கெட்சப் கூடாது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இது வெறும் பந்தா இல்லையா?

சரி, அந்தக் கடை சரியில்லை என்றால் மகளை எங்கே கூட்டிப்போவது? அதையும் சொல்லிவிடுங்கள்.

கார்த்திக்
நேப்பர்வில், இல்லினாய்

அன்புள்ள கார்த்திக்,

பாக்கெட்டில் வருகிறது என்பதால்தான் அவ்வளவு எழுதினேன். சிகாகோ வட்டாரத்தில் ஹாட் டாக் விற்கும் கடைகளில் ஏராளமானவை வியன்னா பீஃப் என்ற ஒரே கம்பெனியின் சாசேஜைத்தான் வாங்குகின்றன. எமில் ரைக்கல், சாம் லடானி என்று ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வந்த இருவர் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் விற்று ஆரம்பித்த வியாபாரம் அது. (விவேகானந்தர் பேசிய சர்வசமய மாநாடு நடந்ததும் அதே கண்காட்சியை ஒட்டித்தான்.) சாசேஜ் ஒன்றுதான், கசகசா தூவிய பன்னும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருந்தும் ஒரு கடையில் இன்னொன்று வாங்கலாமா என்று தோன்றுகிறது, இன்னொரு கடையில் பாதியிலேயே போதும் என்றாகிவிடுகிறது. ஒரே இடத்தில் மாவு வாங்கினாலும் வீட்டுக்கு வீடு இட்லி வேறாகத்தானே இருக்கிறது? பர்கரில் கை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சீஸும் உப்பும் காப்பாற்றிவிடும். ஹாட் டாக்கில் கடைக்காரர் சேர்ப்பது அவருடைய கவனத்தை மட்டும்தான். அது இல்லையென்றால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

நீங்கள் சொல்லும் கடையில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பர்கர் வேகிற அதே இரும்புக் கல்லில், அதே சூட்டில், சாசேஜை நெடுக்கில் பிளந்து கவிழ்த்துப் போடுகிறார்கள். சீக்கிரம் வெந்துவிடும், உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கிற கொழுப்பும் சாறும் கல்லில் ஓடிப் புகைந்து போய்விடும். நமக்குக் கிடைப்பது ஓரம் கருகிய, நடுவில் வறண்ட ஒரு பட்டை. அதற்குத் தோலும் கிடையாது. நல்ல ஹாட் டாக்கில் சாசேஜின் மேலுறை பெரும்பாலும் செம்மறி ஆட்டுக் குடல். கடித்தால் நறுக்கென்று உடைந்து, சாறு வாய்க்குள் வரும். தோலில்லாத சாசேஜ் 1920-களில் வந்தது, அதுவும் இதே சிகாகோவில். செல்லுலோஸ் உறைக்குள் வேகவைத்து, வெந்தபின் உறையை உரித்துவிடுகிற முறை. மலிவு, ஒரே அளவு, இயந்திரத்துக்கு வசதி. ஆனால் அந்த ‘நறுக்’ போய்விட்டது. தோலுள்ள சாசேஜைத் தண்ணீரில் போட்டு, கொதிக்கவிடாமல், கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழேயே வைத்திருக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் தோல் வெடித்து, ருசியெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். இதற்குப் பெரிய திறமை வேண்டாம், அடுப்புப் பக்கம் ஓர் ஆள் இருந்தால் போதும். பன்னையும் ஆவியில் காட்ட வேண்டும். நான் போனபோது பன் ஜில்லென்று இருந்தது.

பர்கர் கடைகளுக்கு ஹாட் டாக் எப்போதுமே மாற்றாந்தாய்ப் பிள்ளைதான். இத்தனைக்கும் மெக்டொனால்ட் குடும்பம் 1937-இல் கலிபோர்னியாவில் மன்ரோவியா விமானத்தளத்துக்குப் பக்கத்தில் போட்ட முதல் கடையில் விற்றது ஹாட் டாக். சான் பெர்னார்டினோவில் அவர்கள் பிறகு நடத்திய கடையை 1948-இல் சில மாதம் மூடி, காருக்குத் தட்டு கொண்டுவரும் பெண்களை நிறுத்தி, மெனுவைச் சுருக்கி, 15 சென்ட் ஹாம்பர்கரை மையமாக வைத்துத் திரும்பத் திறந்தார்கள். 1955-இல் அதே மெக்டொனால்ட்ஸ் பெயரில் நம் சிகாகோ பக்கத்து டெஸ் பிளெய்ன்ஸில் கடை போட்ட ரே கிராக், ஹாட் டாக்கைச் சேர்க்கவே மாட்டேன் என்றார். அந்தத் தோலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று சுயசரிதையில் காரணமும் சொல்லியிருக்கிறார். தொழில் தெரிந்த மனிதர். சரியாகச் செய்ய முடியாததை விற்காமல் விட்டார். இன்றைய ரெட்ரோ கடைக்காரர்களோ அந்தக் காலத்துச் சுவரை மட்டும் காப்பியடித்துவிட்டு, கூட்டம் சேரட்டும் என்று ஹாட் டாக்கையும் பலகையில் எழுதிவைக்கிறார்கள். நியான் போர்டு பற்றி நான் அதிகம் எழுதாததற்கு அதுதான் காரணம். பணம் கொடுத்தால் யாரும் மாட்டிக்கொள்ளலாம்.

கெட்சப் விஷயத்தில் பாதி பந்தாதான், ஒத்துக்கொள்கிறேன். சிகாகோவை ஒட்டிய ரிவர் குரோவில் ஜீன் அண்ட் ஜூட்ஸ் என்ற ஹாட் டாக் கடையில் கெட்சப் பாட்டிலே கிடையாது. உட்கார நாற்காலியும் கிடையாது. அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. ஆனால் பந்தாவுக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. சிகாகோ பாணியில் மேலே என்னென்ன போகிறது என்று பாருங்கள்: மஞ்சள் நிற மஸ்டர்ட் (கடுகு விழுது), பளீர் பச்சையில் இனிப்பு ரெலிஷ் (பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய்), பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டு, நீளவாக்கில் வெட்டிய வெள்ளரிக்காய் பிக்கிள், வினிகரில் ஊறிய குட்டி மிளகாய், கடைசியில் செலரி உப்பு. இனிப்பு ரெலிஷில் வந்துவிட்டது, புளிப்பு மூன்று இடத்தில் வந்துவிட்டது, தக்காளி தக்காளியாகவே இருக்கிறது. அதற்குமேல் சர்க்கரை போட்ட தக்காளிச் சாற்றை ஊற்றினால் மற்ற எல்லாவற்றையும் அது மூடிவிடும். உங்களுக்கு மிளகாயும் வேண்டாம், ரெலிஷும் வேண்டாம், வெறும் சாசேஜும் பன்னும் போதும் என்றால் தாராளமாகக் கெட்சப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு இந்த ஊரிலும் விலக்கு உண்டு. உங்கள் மகள் பாட்டிலையே கவிழ்த்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எங்கே போவது? ரெட்ரோவும் வேண்டும், ஹாட் டாக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்றால் சிகாகோவில் மில்வாக்கி அவென்யூவும் டெவனும் சந்திக்கிற இடத்தில் இருக்கும் சூப்பர்டாக்தான். நம் ஆட்கள் மளிகை வாங்கப் போகிற அதே டெவன் தெருதான், மேற்கே போய்க்கொண்டே இருந்தால் வந்துவிடும். மோரி, ஃபுளோரி பெர்மன் தம்பதி 1948-இல் திறந்த கடை. கலிபோர்னியாவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் தட்டேந்தும் பெண்களை அனுப்பிவைத்த அதே வருடம் இவர்கள் அந்த ஏற்பாட்டோடு தொடங்கினார்கள், இன்னும் விடவில்லை. காரை நிறுத்தி ஸ்பீக்கரில் சொன்னால் தட்டைக் கொண்டுவந்து கார் ஜன்னலில் மாட்டுவார்கள். கூரையில் இரண்டு பெரிய ஹாட் டாக் பொம்மைகள். ஒன்று சிறுத்தைத் தோல் கட்டிக்கொண்டு புஜத்தைக் காட்டும், இன்னொன்று பாவாடை போட்ட அம்மணி. உங்கள் மகளுக்கு அதுவே போதும். இது பழைய காலத்தைப் பார்த்துச் செய்த கடை அல்ல, பழையது அப்படியே நிற்கிறது.

சாசேஜ் ஒரு அட்டைப் பெட்டியில் வறுத்த உருளைக்கிழங்கோடு படுத்துக்கொண்டு வரும். சிவப்புத் தக்காளிக்குப் பதில் ஊறவைத்த பச்சைத் தக்காளித் துண்டு ஒன்று இருக்கும். என்னவோ என்று எடுத்து வெளியே வைத்துவிடாதீர்கள். பெட்டியை மூடியே வைத்திருந்தால் கிழங்கு ஆவியில் நமத்துப்போகும். அதனால் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகாமல் அங்கேயே காரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். அவ்வளவு தூரம் முடியாது என்றால் உங்கள் ஊரிலேயே போர்ட்டிலோஸ் இருக்கிறது. 1963-இல் வில்லா பார்க்கில் ஒரு டிரெய்லரில் ஹாட் டாக் விற்று ஆரம்பித்தவர்கள், அதை இன்னும் மறக்கவில்லை.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கூட வந்தால் சாசேஜ் இல்லாமல், பன்னில் மற்ற எல்லாவற்றையும் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் வினோதமாகப் பார்ப்பார்கள், ஆனால் நன்றாகவே இருக்கும்.