40, 40, 40

ஐயா,
தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் வெறுங்குலையோடு பழம் உதிராத குலைகளும் நிறைய வெளியே வந்தன. குலைகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசரின் ஆப்பரேட்டருக்கு மேனேஜர் ஷோ காஸ் கடிதம் கொடுத்துவிட்டார். லாக் புக்கில் நாள் முழுக்க நீராவி அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. என்றுதான் இருந்தது, நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு ஆலையில் யாரும் வாய் திறப்பதில்லை. பயிற்சிக்கு ஆள் கூப்பிடலாமா? இல்லை, நான் வேறு கம்பெனி பார்க்கட்டுமா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

வேலை மாறுவதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு நாள் பயிற்சியால் பயம் போகாது, அதையும் விடுங்கள். என்னைத் தூங்கவிடாதது அந்த 40தான்.

ஒரே பாய்லரில் இரண்டு மூன்று ஸ்டெரிலைசர் ஓடும்போது, ஒன்று நீராவியை இழுத்தால் மற்றதில் அழுத்தமானியின் முள் இறங்கும். 37 வரும், 34 வரும். நாள் முழுக்க ஒரே பேனாவில் 40, 40, 40 என்று கிடந்தால் அது அளவு அல்ல, பயம். 36 என்று எழுதியவன் முன்பு எப்போதோ திட்டு வாங்கியிருப்பான். அந்தப் பக்கத்தின் அடியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் நீங்கள். மேனேஜரைக் குறை சொல்லும் முன் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

சரி, முள் உண்மையிலேயே 40இல் நின்றது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குலை வேகாமல் போகலாம். 40 பி.எஸ்.ஐ. சுத்தமான நீராவி என்றால் உள்ளே 140 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும். காற்று கலந்திருந்தால் முள் அதே 40ஐக் காட்டும், சூடு மட்டும் ஏறாது. இரண்டு முறை அழுத்தம் ஏற்றி வெளியே விட்டு, மூன்றாவது முறை ஏற்றிப் பிடித்து வைப்பதே அந்தக் காற்றையும் தண்ணீரையும் விரட்டத்தான். மொத்தம் ஏறக்குறைய 90 நிமிடம். வாசலில் லோரி வரிசை நிற்கிறது என்று முதல் இரண்டை அவசரப்படுத்தினாலும், நீராவி குளிர்ந்து தண்ணீரானதை வெளியேற்றும், அடியிலுள்ள கன்டன்சேட் குழாய் நாரும் சேறும் அடைத்துக் கிடந்தாலும், காற்று அடியிலேயே தங்கிவிடும். கீழே கிடக்கும் குலை வேகாது; பழத்தை உதிர்க்கும் த்ரெஷரில் எவ்வளவு அடித்தாலும் காம்பைவிட்டுப் பழம் உதிராது.

ஷோ காஸ் கடிதம் கேட்பது ஒன்றே ஒன்று: உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? அதற்கு அந்த மனிதர் தன்னைப் பற்றித்தான் பதில் எழுத முடியும். குழாயைப் பற்றி யார் எழுதுவார்?

1996இல் எமி எட்மண்ட்சன் என்ற மேலாண்மை ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து எழுதினார். நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்ல ஆட்கள் பயப்படவில்லை. உங்கள் ஆலையில் இப்போது பதிவு சுத்தமாக இருக்கும். எனக்கு அதுதான் கவலை. இன்று மறைவது வேகாத குலை. நாளைக்கு உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும்போதே கதவு திறக்கப் பார்த்ததை மறைத்தால் உயிர் போகும்.

இந்த வாரம் ஆலை நிற்கும்போது நீராவியை அடைத்து, பூட்டுப் போட்டு, அழுத்தம் பூஜ்யம் என்று பார்த்த பிறகு, கன்டன்சேட் வடிகட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். ஆப்பரேட்டரும் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளே இருப்பதை ஒரு வாளியில் எடுத்து, கழுவாமல், மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அன்றைய பக்கத்தில் முள் காட்டியதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டு, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.