வெளிநாட்டு டீச்சர் வேலையிலிருந்து மருத்துவமனை நிர்வாகத்துக்கு: எம்.பி.ஏ. முதலா, வேலை முதலா?

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல், பி.எட். முடித்து மாலத்தீவில் ஏழு வருடம் உயிரியல் டீச்சராக இருந்தேன். மகள் படிப்புக்காகத் திருமங்கலத்துக்கே வந்துவிட்டோம். வயது 36. மருத்துவமனை நிர்வாகத்துக்கு மாற ஆசை. முதலில் எம்.பி.ஏ. சேர்ந்துவிடவா?

இப்போது வேண்டாம். சேமிப்பை மொத்தமாகக் கல்லூரியில் கட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்து 22 வயதுப் பிள்ளைகளோடு அதே நேர்காணல் வரிசையில் நிற்பதில் என்ன லாபம்? முதலில் ஒரு மருத்துவமனைக்குள் வேலையாக நுழையுங்கள். எந்தப் பிரிவு உங்களுக்கு ஒத்துவருகிறது என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும், படிப்பை அப்புறம் முடிவு செய்யலாம்.

நான் உங்களை அனுப்ப நினைக்கும் இடம் குவாலிட்டி மற்றும் பயிற்சிப் பிரிவு. என்.ஏ.பி.ஹெச். (மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம்) தரச்சான்று வாங்கிய, வாங்க நினைக்கிற எல்லா மருத்துவமனையிலும் இந்த வேலை இருக்கிறது. நர்ஸ்கள் அடிக்கடி மாறுவார்கள். புதிதாக வருகிறவருக்குக் கை கழுவும் முறையிலிருந்து, தவறுதலாக ஊசி கையில் குத்திவிட்டால் யாரிடம் சொல்வது, கோட் ப்ளூ (நோயாளிக்கு இதயமோ மூச்சோ நின்றுவிட்ட அவசர நிலை) அறிவித்தால் யார் ஓடுவது என்பது வரை எல்லாம் சொல்லித்தர வேண்டும், சொல்லித்தந்ததற்குப் பதிவேடு வேண்டும், அவருக்கு உண்மையிலேயே புரிந்ததா என்று சோதித்துப் பார்த்ததற்கும் ஆதாரம் வேண்டும். பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் பதிவு என்று நீங்கள் ஏழு வருடம் செய்ததும் இதுதானே! உயிரியல் படித்ததால் தொற்றுக் கட்டுப்பாடும் சீக்கிரம் பிடிபடும். நம்ம மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையே பாருங்கள். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துத்தான் அவ்வளவு பெரிய அமைப்பு நடக்கிறது. சொல்லித்தருவது நிர்வாகத்தின் மைய வேலை, அதைக் குறைத்து நினைக்காதீர்கள்.

அது கிடைக்காவிட்டால் காப்பீட்டு டெஸ்க். அலுப்பான இடம்தான், ஆனால் பில்லிங், டாக்டர், நோயாளி, டி.பி.ஏ. (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கவனிக்கும் இடைநிலை நிறுவனம்) எல்லாரும் ஒரே மேசையில் வந்து முட்டுவார்கள். கேஷ்லெஸ் (நோயாளிக்குப் பதிலாகக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் முறை) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்று 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தனி நடைமுறை, அதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

மாலத்தீவு மொழியான திவேகி ஓரளவு பேசுவீர்களா? மாலத்தீவுக்காரர்கள் சிகிச்சைக்கு நிறையப் பேர் திருவனந்தபுரம் போகிறார்கள். வெளிநாட்டு நோயாளிகள் பிரிவில் அந்த மொழிக்கு மதிப்பு உண்டு. ஆனால் மகளோடு ஊர் மாற வேண்டியிருக்குமே, யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் ஏமாறாதீர்கள். மாலத்தீவில் வாங்கியதில் சிறு பங்குதான் தொடக்கத்தில் வரும், அதைக் கணக்குப் போட்டுவிட்டு வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

படிப்பு பற்றி: அரவிந்தின் லைக்கோ நிறுவனம் மதுரையிலேயே 1992 முதல் இயங்குகிறது, கண் மருத்துவமனை நிர்வாகத்துக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது, போய் விசாரியுங்கள். தொலைதூர எம்.பி.ஏ. என்றால் யு.ஜி.சி. அங்கீகாரப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அப்புறம், மாலத்தீவுப் பள்ளியிலிருந்து அனுபவச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? வகுப்பு மட்டுமல்லாமல் தேர்வுப் பொறுப்பு, புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று என்னவெல்லாம் செய்தீர்களோ அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களைத் தெரிந்த தலைமையாசிரியர் அங்கே இருக்கும்போதே இந்த வாரமே மெயில் போடுங்கள்.