எண்ணெய் வளம் உள்ள நாட்டில் வண்டிப் புகையைக் குறைப்பது ஏன் கடினம்?

சவுதி போல எண்ணெய் கொழிக்கும் நாட்டில், வண்டிகள் பெருகும்போது போக்குவரத்து உமிழ்வை எப்படிக் குறைப்பது என்பது கேள்வி.

உமிழ்வு என்பது வண்டியின் புகைக்குழாய் வழியே வெளியேறும் வாயு. முக்கியமாகக் கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் இருக்கும். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடாகிறது.

சிக்கலின் வேர் விலையில் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் பார்த்திருப்பீர்கள். தலைமடையில் வரப்பு வழிந்து ஓடினாலும் மடையை அடைக்க யாரும் மண்வெட்டி எடுப்பதில்லை. கடைமடைக்காரரோ ராத்திரி டார்ச் லைட்டோடு நின்று தண்ணீர் காப்பார். எண்ணெய் நாடுகள் தலைமடையில் இருக்கின்றன. பெட்ரோல் மலிவு என்பதால் பெரிய கார், தெருமுனைக் கடைக்கும் கார். பஸ்ஸைத் தேட வேண்டிய தேவையே வரவில்லை.

சவுதி 2018 ஜனவரியில் சாதாரண பெட்ரோலை லிட்டருக்கு 0.75 ரியாலிலிருந்து 1.37 ரியாலாக உயர்த்தியது. 2024 டிசம்பரிலிருந்து ரியாத் மெட்ரோ படிப்படியாக ஓடத் தொடங்கியது: மொத்தம் 6 தடங்கள், 176 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். மாற்று வழி தராமல் விலையை மட்டும் ஏற்றினால் அடிபடுவது குறைந்த சம்பளக்காரர்கள். மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் போய் அங்கே உழைக்கும் நம் பிள்ளைகளும் அதில் உண்டு.

மின்சாரக் கார் வந்தால் புகையே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள்; அங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி எரிவாயுவையும் எண்ணெயையும் எரித்தே வருவதால், சூரிய மின்சாரம் பெருகும்வரை உமிழ்வு குறையுமே தவிர மறையாது.