பெற்றோரை ஆர்க்டிக் கப்பல் பயணத்துக்கு அனுப்பலாமா? கரடி, ஃபியோர்டு, இனுயிட் பண்பாடு எல்லாம் உண்மையில் பார்க்கக் கிடைக்குமா?

கேள்வி கேட்டவரின் பெற்றோருக்கு அறுபது கடந்துவிட்டதாம். பனிக்கரடி, ஃபியோர்டு, ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பண்பாடு மூன்றும் ஒரே பயணத்தில் என்று ஏதோ விளம்பரம் பார்த்திருக்கிறார். மூன்றும் கிடைக்குமா, அவ்வளவு பணத்தைக் கொட்டலாமா என்று கேட்கிறார்.

நான் 2023 ஆகஸ்டில் போய் வந்தேன். அப்போது எனக்கு வயது 66. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் 31 ஆண்டுகள் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். "எஸ்கிமோக்கள் இக்லூ என்னும் பனிவீட்டில் வசிக்கிறார்கள்" என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட கை இது. டொரொன்டோவில் இருக்கும் மகளும் மருமகனும், "நீங்கள் பாடம் நடத்திய இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள் அம்மா" என்று டிக்கெட் எடுத்துவிட்டார்கள். செலவு என்னுடையதல்ல. அதனால், தகுமா என்ற கேள்விக்கு நான் சொல்லும் பதிலில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

முதலில் வரைபடத்தை எடுங்கள். ஆர்க்டிக் என்று விற்கப்படுவதெல்லாம் ஒரே இடம் அல்ல. விளம்பரங்களில் அதிகம் வருவது நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள். மற்றவற்றைவிட மலிவு, கரடிக்குப் பேர்போனது. ஆனால் அங்கே பூர்வகுடிகள் என்று யாரும் இல்லை. திமிங்கலம் பிடிக்க வந்தவர்கள், பிறகு நிலக்கரி வெட்ட வந்தவர்கள், இப்போது ஆராய்ச்சியாளர்களும் நம்மைப் போன்ற வேடிக்கை பார்ப்பவர்களும், அவ்வளவுதான். அங்கே போய் இனுயிட் பண்பாட்டைத் தேடுவது லட்சத்தீவில் தோடர் குடியிருப்பைத் தேடுவது போல. கரடியையும் இனிமேல் பக்கத்தில் பார்க்க முடியாது. 2025 ஜனவரி முதல் 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் என்று நார்வே சட்டம் போட்டுவிட்டது. நல்ல சட்டம்.

மூன்றும் வேண்டுமென்றால் மேற்குக் கிரீன்லாந்தும் கனடாவின் நுனாவுட் பகுதியும் சேர்ந்த பயணம்தான். நான் போனது அதுதான். டொரொன்டோவிலிருந்து தனி விமானத்தில் காங்கர்லுசுவாக், அங்கிருந்து கப்பலில் சிசிமியுட், இலுலிசாட், பிறகு பாஃபின் விரிகுடாவைக் கடந்து மித்திமாதலிக், பீச்சி தீவு, கடைசியில் ரெசொலூட். அங்கிருந்து விமானத்தில் திரும்பினோம்.

காங்கர்லுசுவாக் என்றாலே பெரிய ஃபியோர்டு என்றுதான் பொருளாம். 150 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பனியாறு அரித்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் ஃபியோர்டு. இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த இரண்டு மதிப்பெண்ணைக் கடக்கக் கப்பலுக்கு ஓர் இரவு முழுக்கப் பிடித்தது. கரையில் ஒரு மரம் கிடையாது.

இலுலிசாட் பற்றி எல்லோரும் படம் போடுகிறார்கள். செர்மெக் குஜாலெக் என்ற பனியாறு நாளொன்றுக்கு 40 மீட்டர் வரை நகர்ந்து, ஆண்டுக்கு 35 கன கிலோமீட்டருக்கும் மேல் பனியைக் கடலில் தள்ளுகிறது. 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். டைட்டானிக்கை மூழ்கடித்த பனிப்பாறை இங்கிருந்து போயிருக்கக்கூடும் என்பார்கள். படத்தில் வராத ஒன்று உண்டு, சத்தம். காற்றடைத்த ரப்பர் படகில் பன்னிரண்டு பேர் பனித்துண்டுகளுக்கு நடுவே போனோம். வழிகாட்டி மோட்டாரை அணைத்தார். சுற்றிலும் கடுகு வெடிப்பது போன்ற சத்தம். அடங்கிய அடுப்பில், எண்ணெய் சரியாகக் காயாதபோது கடுகு நின்று நின்று வெடிக்குமே, அப்படி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த பனியோடு அடைபட்ட காற்றுக் குமிழிகள், பனி உருக உருக உடைந்து வெளியே வருகின்றன. வழிகாட்டி ஒரு துண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. காதருகே வைத்துக் கேட்டேன். பக்கத்தில் இருந்த ஜெர்மானியர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவரும் வாங்கிக் கேட்டார்.

அன்று மாலை கூனல் முதுகுத் திமிங்கலங்கள் மூன்றைக் கப்பலின் மேல்தளத்திலிருந்தே பார்த்தோம். நார்வால் எனப்படும் கொம்புத் திமிங்கலத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை. விளம்பரத்தில் அதன் படம்தான் பெரிதாக இருந்தது. விலங்கு விஷயத்தில் யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்பவரிடம் டிக்கெட் எடுக்காதீர்கள்.

பாஃபின் விரிகுடாவைக் கடந்த இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுத்தே கிடந்தேன்.

மித்திமாதலிக்தான் நான் சொல்ல வந்தது. ஆங்கிலத்தில் பாண்ட் இன்லெட். சுமார் 1,500 பேர் வாழும் ஊர். நுனாவுட்டில் இருக்கும் 25 ஊர்களில் எதற்கும் இன்னொன்றிலிருந்து சாலை கிடையாது. விமானம், கோடையில் கப்பல், பனிக்காலத்தில் பனிவண்டி. இக்லூவைத் தேடிய என் கண்ணுக்குத் தட்டுப்பட்டவை, உறைந்த மண்ணுக்கு மேலே கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், நாலு சக்கர மோட்டார் வண்டிகள், தண்ணீர் லாரி. ஆம், தண்ணீர் லாரிதான். குழாய் பதித்தால் உறைந்துவிடும் என்பதால் வீடு வீடாக லாரியில் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் கோடையில் நடப்பது அங்கே வருடம் முழுக்க நடக்கிறது. இக்லூ என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் வீடு என்றுதான் பொருளாம், எந்த வீடானாலும். பனிக்கட்டியில் கட்டுவது வேட்டைக்குப் போகிறவர்கள் இரவு தங்க. எஸ்கிமோ என்ற சொல்லை அங்கே வாயிலேயே எடுக்கக் கூடாது. வெளியார் வைத்த பெயர், இழிவாகக் கருதுகிறார்கள். நான் எத்தனை விடைத்தாளில் அதற்குச் சரி போட்டிருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஊர்க் கூடத்தில் எங்களுக்காக ஒரு நிகழ்ச்சி. ஒரு மூதாட்டி குல்லிக் என்னும் விளக்கை ஏற்றினார். அரை நிலா வடிவில் குடைந்த கல். அதில் சீல் எண்ணெய். திரியாக, துந்திராவில் பூக்கும் பஞ்சுச் செடியின் பஞ்சு. நம் அகலில் ஒரு முனையில்தான் சுடர் நிற்கும். அவர் சிறு குச்சியால் திரியைத் தட்டித் தட்டி, கல்லின் நேர் விளிம்பு முழுக்கச் சுடரை இழுத்துக்கொண்டே போனார். ஒரு சாண் நீளத்துக்கு வேலி மாதிரி நெருப்பு. வெளிச்சம், சூடு, சமையல், துணி உலர்த்தல் எல்லாம் ஒரு காலத்தில் இந்த ஒரு விளக்கில்தான். பிறகு இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தொண்டையாலேயே மூச்சுவிட்டுப் பாடினார்கள். கட்டஜ்ஜக் என்று பெயர். பாட்டு என்பதைவிடப் போட்டி. யார் முதலில் சிரிக்கிறாரோ அவர் தோற்றவர். பாதிரிமார்கள் ஒரு காலத்தில் அதற்குத் தடை போட்டிருந்தார்கள். கப்பலில் இருந்து இறங்கிய நூற்றுச்சொச்சம் பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சிலர் தெருவில் விளையாடிய பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுத்தார்கள். உங்கள் பெற்றோரிடம் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த மூதாட்டியின் அருகே போய் உட்கார்ந்தேன். அவருடைய பேத்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். தட்டில் மத்தாக், அதாவது கொழுப்போடு சேர்ந்த நார்வால் தோல், துண்டு துண்டாக இருந்தது. நான் சைவம் என்றேன். அப்படியென்றால் என்ன என்று பேத்தி பாட்டிக்கு நெடுநேரம் விளக்கினாள். மூதாட்டி என்னை இரக்கத்தோடு பார்த்து, "உங்கள் ஊரில் வேட்டை சரியாக அமையவில்லையா?" என்று கேட்டார். அந்த மண்ணில் காய்கறி விளைவதில்லை. கடையில் இருக்கும் முட்டைக்கோஸ் விமானம் ஏறி வந்தது, விலையும் அப்படியே. வைட்டமின் சி அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் அந்தத் தோல் போன்ற வேட்டை உணவிலிருந்துதான் கிடைத்து வந்தது. கொல்லாமையைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்துகள் மாறவில்லை. அங்கே அதைப் பற்றி வாய் திறக்கவும் தோன்றவில்லை.

சுவரில் இருந்த எழுத்துகளைக் காட்டி எப்படிப் படிப்பது என்று கேட்டேன். பேத்தி ஒரு தாளை எடுத்தாள். நம் உயிர்மெய் போலத்தான்: மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் எழுத்து. ஆனால் கொம்பும் காலும் கிடையாது. எழுத்தையே திருப்பி வைப்பார்கள். அம்பு முனை இடப்பக்கம் பார்த்தால் 'ப', வலப்பக்கம் பார்த்தால் 'பு', மேலே பார்த்தால் 'பி'. தனி மெய் வேண்டுமென்றால் எழுத்து சிறுத்து மேலே ஏறிக்கொள்ளும். நெடிலுக்கு மேலே ஒரு புள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் கனடாவின் இன்னொரு பூர்வகுடியான கிரீ மக்களுக்காக அமைத்த எழுத்து அது. பிறகுதான் இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழிக்கு வந்தது. என் பேரன் என்னை எப்படிக் கூப்பிடுவான் என்று அவள் கேட்டாள். பாட்டி என்றேன். எழுதினாள்: புள்ளி வைத்த அம்பு முனை, மேலே ஒரு குட்டி வளைவு, கவிழ்த்த கிண்ணம். மூன்று எழுத்து. நான் பக்கத்திலேயே தமிழில் எழுதிக் காட்டினேன். அதுவும் மூன்று எழுத்து. ஆனால் புள்ளி அவர்களுக்கு 'பா'வின் தலையில், நமக்கு 'ட்' தலையில். மூதாட்டி இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

பீச்சி தீவில்தான் கரடி. வட அமெரிக்காவின் வடக்கே பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி 1845இல் புறப்பட்ட, பிரிட்டிஷ் கடற்படையின் ஃபிராங்க்ளின் குழுவில் முதல் குளிர்காலத்திலேயே இறந்த மூன்று பேரின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. வெறும் சரளைக் கற்கள். நாங்கள் இறங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்காது, துப்பாக்கியோடு மேட்டில் நின்ற காவலர் வானொலியில் ஏதோ சொன்னார். எல்லோரும் படகுக்குத் திரும்புங்கள் என்றார்கள். தொலைநோக்கியில் பார்த்தேன்: வெள்ளை இல்லை, துவைத்துத் துவைத்துப் பழுத்த வேட்டியின் நிறம். அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. பிறகு படகிலிருந்து அரை மணி நேரம் பார்த்தோம்.

ஃபிராங்க்ளின் குழுவில் 129 பேர். ஒருவரும் திரும்பவில்லை. பட்டினியில் செத்தார்கள், செத்தவர்களைத் தின்னும் நிலைக்குப் போனார்கள் என்று இனுயிட் மக்கள் சொன்னதை ஜான் ரே என்ற ஆய்வுப் பயணி 1854இல் லண்டனுக்குத் தெரிவித்தார். காட்டுமிராண்டிகளின் பேச்சை நம்பலாமா என்று சார்லஸ் டிக்கன்ஸே தம் இதழில் பக்கம் பக்கமாக எழுதினார். பின்னால் கிடைத்த எலும்புகளில் கத்திக் கீறல்கள் இருந்தன. கப்பல்கள் இரண்டும் 2014இலும் 2016இலும் கிடைத்தன, இனுயிட் மக்கள் சொல்லிவந்த பக்கத்திலேயே. கப்பலில் நடந்த விரிவுரையில் இதை ஓர் இனுயிட் வழிகாட்டியே சொன்னார், குரலை உயர்த்தாமல்.

ரெசொலூட்டில் விமானம் ஏறத்தான் இறக்கிவிடுகிறார்கள்; பலர் சுற்றிக்கூடப் பார்ப்பதில்லை. 1953இல் கனடா அரசு வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களை அழைத்துவந்து, இங்கேயும் கிரைஸ் ஃபியோர்டு என்னும் ஊரிலும் இறக்கிவிட்டது. இரண்டு வருடத்தில் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்ற வாக்கு காற்றோடு போயிற்று. குளிர்காலத்தில் சுமார் மூன்று மாதம் சூரியனே எழாத இடம். 2010இல் மன்னிப்புக் கேட்டார்கள். ஊரில் ஒரு மனிதனின் கற்சிலை, கிரைஸ் ஃபியோர்டு இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. அங்கே ஒரு பெண்ணும் குழந்தையும் இந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார்களாம்.

பணம்: கிரீன்லாந்தும் கனடாவும் சேர்ந்த இரண்டு வார நல்ல பயணம் ஒருவருக்குப் பத்து லட்சத்துக்குக் கீழே எனக்குத் தெரிந்து இல்லை, விமானச் செலவு தனி. கரடிக்காக மட்டும் என்றால் நான் தகாது என்பேன். ஊர்களில் எத்தனை முறை இறக்குகிறார்கள், உள்ளூர் இனுயிட் வழிகாட்டிகள் கப்பலில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு கப்பல் பாருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா கிரீன்லாந்துக்குச் செல்லாது. டென்மார்க் விசாவில் கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று தனியாக முத்திரை வேண்டும். என்னைப் போலக் கனடாவிலிருந்து புறப்பட்டுக் கனடாவுக்கே திரும்புவதானால், பலமுறை நுழையும் கனடா விசாவும் வேண்டும். அவசர விமான மீட்புக்கான காப்பீடு இல்லாமல் ஏற்றமாட்டார்கள். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். 2023 செப்டம்பரில் கிழக்குக் கிரீன்லாந்தில் 206 பேரோடு ஒரு பயணக் கப்பல் தரைதட்டி மூன்று நாள் நின்றது.

சாப்பாட்டில் சைவத்துக்குக் குறையில்லை, உறைப்புதான் கிடையாது. மகள் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி நாலாம் நாளே தீர்ந்தது, அந்த ஜெர்மானியரின் கைங்கரியத்தால்.

முழங்கால் விஷயம்: கப்பலின் பக்கவாட்டு ஏணியிலிருந்து ஆடும் ரப்பர் படகுக்குக் காலெடுத்து வைக்க வேண்டும். படகுக்காரர் உள்ளங்கையைப் பிடிக்க மாட்டார், முன்கையைப் பிடிப்பார். நாமும் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி வழுக்காது. என் வலது முழங்கால் பத்து வருடமாகச் சரியில்லை. ஒன்பது முறை இறங்கினேன், ஒன்பது முறையும் ஏறினேன்.