வாசகர் கேள்விகள்: யோன் ஃபொஸ்ஸே

கேள்வி: 2023-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற நார்வே எழுத்தாளர் யோன் ஃபொஸ்ஸேயைச் சிலர் நாடகாசிரியர் என்கிறார்கள், சிலர் நாவலாசிரியர் என்கிறார்கள். எது சரி?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் நாவல் முந்தியது. 1959-இல் ஹௌகசுண்டில் பிறந்து, மேற்கு நார்வேயின் ஹார்டாங்கர் கடற்கழியை ஒட்டிய ஸ்ட்ராண்டெபார்ம் என்ற சிற்றூரில் வளர்ந்த ஃபொஸ்ஸே, பெர்கன் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியம் படித்தார். முதல் நாவல் 1983-இல் வெளிவந்தது. அதன்பின் பத்து ஆண்டுகள் நாடகத்தின் பக்கமே அவர் எட்டிப் பார்க்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கையில் காசில்லாத நிலையில், நாடகம் எழுதித் தரும்படி யாரோ கேட்டதால் உட்கார்ந்து எழுதியதுதான் ‘யாரோ வரப் போகிறார்கள்’. வறுமை சில சமயம் நல்ல பதிப்பாசிரியராகவும் இருந்துவிடுகிறது. அதிலிருந்து ஏறத்தாழ 40 நாடகங்கள் எழுதினார். இடையில் சில ஆண்டுகள் நாடகத்தை ஒதுக்கிவிட்டு உரைநடைக்குத் திரும்பியவர், பின்னர் மறுபடியும் மேடைக்கு வந்தார்.

கேள்வி: அவருடைய நாடகத்தில் ஒன்றுமே நடப்பதில்லை, பாத்திரங்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று ஒரு விமர்சனத்தில் படித்தேன். அப்படியானால் உலகமெங்கும் அவற்றை ஏன் மேடையேற்றுகிறார்கள்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மேலே சொன்ன நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஆணும் பெண்ணும் மற்ற எல்லாரையும் விட்டு விலகி, தனியாக இருவரும் ஒன்றாக வாழ்வதற்காகக் கடலோரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது. ‘அவன்’, ‘அவள்’ என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. வந்து சேர்ந்த சிறிது நேரத்திலேயே, யாரோ வரப் போகிறார்கள் என்று அவள் சொல்லத் தொடங்குகிறாள். யாரும் வரமாட்டார்கள் என்கிறான் அவன். இதே பேச்சு சிறு சிறு மாற்றங்களோடு பலமுறை திரும்புகிறது. முதலில் அது வெறும் பயமாக ஒலிக்கிறது; மூன்றாம் முறையோ நான்காம் முறையோ கேட்கும்போது, யாராவது வரட்டும் என்று அவளே விரும்புகிறாளோ என்ற ஐயம் நமக்கு எழுகிறது, அதே ஐயம் அவனுக்கும் எழுந்துவிட்டதை நடிகரின் முகத்தில் பார்க்கிறோம். கடைசியில் ஒருவன் வரத்தான் செய்கிறான்: வீட்டை விற்றவன். அவன் பெரிதாக எதுவும் செய்வதில்லை, ஆனால் பொறாமை வீட்டுக்குள் வந்து குடியேறிவிடுகிறது.

வசனத்தில் நிறுத்தற்குறிகள் இல்லை. கவிதைபோல வரிகள் உடைக்கப்பட்டிருக்கும், இடையிடையே ‘இடைவெளி’ என்ற குறிப்பு வரும். அந்த இடைவெளியில் நடிகர் என்ன செய்கிறார் என்பதில்தான் நாடகமே இருக்கிறது. பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் ரெஜி 1999-இல் பாரிஸை அடுத்த நாந்தேரில் இந்நாடகத்தை மேடையேற்றியபோதுதான் நார்வேக்கு வெளியே ஃபொஸ்ஸேயின் பெயர் பரவலாக அறியப்பட்டது. விறுவிறுப்பான கதை வேண்டும் என்று வருகிறவருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: அவரைப் புதிய இப்சன் என்று சொல்வது பொருந்துமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பொருந்தாது. 19-ஆம் நூற்றாண்டின் நார்வே நாடகாசிரியரான இப்சனின் பாத்திரங்கள் வாதாடுவார்கள், மறைத்து வைத்த இரகசியம் ஒரு கட்டத்தில் அம்பலமாகும். ஃபொஸ்ஸேயின் பாத்திரங்களுக்கு வாதாடும் திராணியே இல்லை. இப்சனுக்கு அடுத்தபடியாக மிக அதிகம் மேடையேற்றப்பட்ட நார்வே நாடகாசிரியர் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். எழுதும் மொழியும் வேறு. நார்வே மொழிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு. மேற்குப் பகுதிகளின் கிராமத்து வழக்குகளை முக்கிய ஆதாரமாகக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டில் ஈவார் ஓசென் உருவாக்கிய, சிறுபான்மையினர் மட்டுமே எழுதும் நீநோர்ஸ்க் வடிவத்தில்தான் ஃபொஸ்ஸே எழுதுகிறார். நோபல் பரிசு பெற்ற நார்வே எழுத்தாளர்களில் அவர் நான்காமவர். அவருக்கு முன் பெற்ற பியோர்ன்சன், ஹாம்சுன், உன்சட் ஆகிய மூவரும் நீநோர்ஸ்கில் எழுதியவர்கள் அல்லர்; அந்த வடிவத்துக்கு நோபல் மேடையில் இடம் கிட்டியது ஃபொஸ்ஸேயால்தான்.

கேள்வி: முற்றுப்புள்ளியே இல்லாத ‘செப்டாலஜி’ நாவலைப் படிக்க முடியுமா?
(வாசகர், சென்னை)

பதில்: முடியும், பயந்த அளவுக்குக் கடினமில்லை. 2019 முதல் 2021 வரை மூன்று நூல்களாக வெளிவந்த இந்த ஏழு பகுதி நாவலில், மனைவியை இழந்த முதிய ஓவியர் ஆஸ்லே தனியாக வாழ்கிறார். அதே பெயருள்ள இன்னோர் ஓவியர் குடியில் அழிந்துகொண்டிருக்கிறார். இவர் வாழாமல் விட்ட வாழ்க்கை அவருடையதோ என்று தோன்றும். ஊதாக் கோடும் பழுப்புக் கோடும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஓர் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் தொடங்கும் பகுதி, ஜெபத்தில் முடிகிறது. அடுத்த பகுதியும் அப்படியேதான். ஃபொஸ்ஸேயே குடியை விட்டு, 2013 வாக்கில் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாவலைச் சுயசரிதையாகப் படித்தால் பாதி சுவை போய்விடும்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?
(வாசகர், மதுரை)

பதில்: 2000-இல் வெளிவந்த ‘காலையும் மாலையும்’ என்ற குறுநாவலிலிருந்து. முதல் பகுதியில் யோஹன்னஸ் என்ற குழந்தை பிறக்கிறது. இரண்டாவதில் அதே யோஹன்னஸ் கிழவராக ஒரு நாள் காலையில் கண்விழிக்கிறார். உடம்பு வழக்கத்துக்கு மாறாக இலேசாக இருக்கிறது. எப்போதும்போலக் காப்பி போட்டுக்கொண்டு, கடற்கரைக்குப் போய், பழைய நண்பர் பீட்டரைப் பார்க்கிறார். பீட்டர் இறந்துபோனவர் என்பது நமக்கு மெல்லத்தான் உறைக்கிறது. இருவரும் படகில் மீன் பிடிக்கப் போகும்போது யோஹன்னஸ் விடும் தூண்டில் ஆழத்துக்குப் போகாமல் படகுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் அது நிற்பதை அவரால் பார்க்கவும் முடிகிறது. ஏழு வயதில் பனியில் சறுக்கி விழுந்து, உடைந்த புட்டி கையில் குத்தி, இரத்தம் போய்ச் சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியவர் ஃபொஸ்ஸே; தம்மை எழுத்தாளராக்கியதில் அந்த அனுபவத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். சாவை அச்சுறுத்தலாக்காமல், அன்றாட வேலைகளுக்கு நடுவே வைத்து எழுத அவருக்கு வாய்த்ததில் எனக்கு வியப்பில்லை.

இரண்டு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். பிடித்திருந்தால் 2015-இல் நோர்டிக் கவுன்சில் பரிசு பெற்ற ‘ட்ரைலஜி’க்குப் போங்கள், ‘செப்டாலஜி’யை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.